பழைய சாவியை அழித்த வெள்ளிக்கிழமை

மாகறல் போகிற வழியில் ஓர் ஏரிக்கரையில் ஆறு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு சென்சார் டப்பா மாட்டியிருந்தேன். மணிக்கு ஒருமுறை அது தண்ணீர் மட்டத்தை அளந்து, ரகசிய எண் ஒன்றால் பூட்டி, காஞ்சிபுரத்தில் என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தண்ணீர் எல்லை தாண்டினால் நிமிஷத்துக்கு நிமிஷம் அனுப்பும். அந்த எண்ணைச் சாவி என்போம். டப்பாவுக்கு ஒரு சாவி வைத்திருக்க வேண்டும். சோம்பேறி நான், ஆறுக்கும் ஒரே சாவி.

ஒரு டப்பாவை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். சாவியும் அதோடு போயிற்று. இனி அவன் பொய் மட்டம் அனுப்பினாலும் கம்ப்யூட்டர் நம்பும்.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்போடு போய், கம்பம் கம்பமாக ஒயர் செருகிப் புதுச் சாவி போட்டேன். நாலு முடிந்தது. ஐந்தாவது, கரை தாழ்ந்திருக்கும் கடைசி மூலையில். பத்தரைக்கு ராகு காலம். எம்.ஈ. படித்தவள்தான், சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் புதுசாக எதையும் தொட எனக்குக் கை வராது. பன்னிரண்டுக்கு மேல் அதைப் பார்த்துக்கொள்ளலாம், திருடனுக்கு மட்டும் இப்போதே கதவைச் சாத்திவிடுவோம் என்று பழைய சாவியை என்னிடமிருந்த எல்லா இடத்திலும் அழித்தேன். பதினொன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

நாலு மணிக்குத் திரையில் ஒரே வரி மீண்டும் மீண்டும் வந்தது: சாவி பொருந்தவில்லை, செய்தி தள்ளப்பட்டது. மேட்டுக்கரையில் இருந்த மற்ற நாலும் எல்லைக்குள்தான் காட்டின. ஐயோ, அது ஐந்தாவது டப்பாவா, திருடனா? செய்தியைத் திறந்தால் எந்த டப்பா என்று எண் தெரியும். திறக்கப் பழைய சாவி வேண்டும். நோட்டைப் புரட்டினேன், பழைய லேப்டாப்பைக் கிளறினேன், குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். இரண்டு மணி நேரம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி தேடினேன். நானே சுத்தமாக அழித்தது, எங்கே கிடைக்கும்?

ஆறு மணிக்கு அந்தத் தாழ்ந்த கரைக்குக் கீழே குடியிருக்கும் அக்கா போன் செய்தார். “இன்னாமா, தண்ணி வூட்டுக்குள்ள வந்துக்கினு இருக்குது! உன் மிஷினு ஒண்ணுமே சொல்லலியே!”

நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவர் மேட்டில் நனைந்து நின்றிருந்தார். கொட்டகையில் கட்டியிருந்த கறவை மாடும் கன்றும் போய்விட்டன. கயிற்றை அவிழ்க்கக்கூட நேரமில்லை.

மறுநாள் ஐந்தாவது டப்பாவைக் கழற்றி, அதற்குள் பதிவானதைப் படித்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாவம், தண்ணில கெட்டுப்போச்சாம்மா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வாய் வரவில்லை. “கெடலக்கா. நாலு மணிலேந்து சொல்லிக்கினேதான் இருந்துது. எனக்குத்தான் நம்பத் தெரியல” என்றேன்.

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

“நாலு மணிக்கு நான் வூட்லதாம்மா இருந்தேன். மாட்டுக்குத் தவுடு கலக்கிக்கினு இருந்தேன். ஒரு போன் போட்டிருக்கலாமே.”