ஏழு வயதுக் கவுன்

போன வாரம் என் தம்பி மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் உத்தரவு போட்டாள். "அத்தை, போட்டோ ஷூட்டுக்கு எல்லாரும் இளம் நிறத்துலதான் வரணும். உங்க அரக்குப் பட்டு கண்டிப்பா வேணாம்." இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருப்பவள் நான். வீட்டில் நம் பேச்சு எடுபடுமா? அடங்கிப்போய்ப் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் வாசனைக்காகச் செருகி வைத்திருந்த சோப்புக்கட்டி ஒன்று காலில் விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், சேலை தேடுவது மறந்துபோயிற்று.

அது வெளிநாட்டுப் பெட்டியின் வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அந்த வாசனை இருந்தது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா துபாய்க்குப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவரோடு வேலை பார்த்த அதிராம்பட்டினத்து மாமா ஒருவர் விடுமுறையில் வந்தபோது எங்களுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். சோப்பு, தைலம், அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் சேலை, தம்பி அருளுக்குத் தோளில் வார் மாட்டும் கால்சட்டை, எனக்கு லேஸ் வைத்த சிவப்பு கவுன். கூடவே ஒரு கடிதம். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தார். அனுப்பியதையெல்லாம் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, மாமா திரும்பும்போது அவரிடமே கொடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

வந்துவிடுங்கள் என்று சொல்ல அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவள் எந்தக் கடிதத்திலும் 'நாங்கள் நலம், உங்கள் இஷ்டம்' என்பதற்கு மேல் எழுதியதில்லை. எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கவுனைப் போட்டுப் பார்த்தேன். அப்பா கிளம்பியபோது எனக்கு ஏழு வயது. கவுனும் ஏழு வயதுக்குத்தான். எனக்கோ பதினொன்று முடிந்து, உயரமாகிவிட்டேன் என்று வகுப்பில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஜிப் முதுகில் பாதியிலேயே நின்றுவிட்டது, இடுப்பில் இருக்க வேண்டிய பட்டி நெஞ்சுக்கு ஏறிக்கொண்டது. அருள் நல்லவேளையாக ஒல்லி. அவனைக் கால்சட்டைக்குள் இறக்க நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பொத்தான் போட்டால் அவனால் மூச்சு விட முடியவில்லை.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அத்தைக்குத் தன் தம்பி என்றால் உயிர். "ஏ மேரி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையைப் போட்டு விடு. இத அவன் பாத்தா மனசு நொந்துடுவான்" என்றார் அம்மாவிடம். யாரும் கேட்காவிட்டாலும் நான் கவுனுக்கே ஓட்டுப் போட்டேன். எங்கள் பள்ளியில் யாரிடமும் லேஸ் கவுன் கிடையாது. கண்ணாடியில் முன்பக்கம் மட்டும்தானே தெரிகிறது! அம்மா பாவாடை, கவுன் இரண்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

ஒரத்தநாட்டு ஸ்டூடியோக்காரர் முதலில் கேட்பது, "படம் எங்கங்க போவுது?" என்பதுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு என்றால் பெண் தலையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். வெளிநாட்டுக்கு என்றால் அங்கிருந்து வந்த சாமான் அத்தனையும் தெரிய வேண்டும். கைக்கடிகாரத்தை முன்னால் திருப்பிவிடுவார். ஒரு அம்மா மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போனாராம், அவரே சொன்னார்.

கவுனும் கால்சட்டையுமாக நின்ற எங்களைச் சுற்றி வந்து பார்த்தார். "பாப்பாவ உக்கார வச்சு மார்பளவு எடுத்துடலாங்க. முதுகுல ரெண்டு ஊக்கு குத்துனா தெரியவே தெரியாது. தம்பிய சேருக்குப் பின்னாடி நிறுத்திடுவோம்." அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேணாங்க" என்றாள் அம்மா. "ரெண்டும் முன்னால நிக்கட்டும். முட்டி தெரியணும்."

"மேரி, அவனுக்குத் தெரிஞ்சுடும்டி."

"தெரியட்டும் அண்ணி. பிள்ளைங்க வளந்ததை நீங்க பாக்கவே இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்? எனக்கு எழுத வரல."

அம்மாவின் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். ஸ்டூடியோக்காரர் ஏற்கெனவே சரியாக இருந்த விளக்கை மறுபடியும் சரிசெய்தார். எனக்கும் அழுகை வந்தது. பவுடர் கரைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். அம்மா மட்டும் அப்பா அனுப்பிய சேலையில் கச்சிதமாக நின்றாள், சேலைக்கு ஏது அளவு! 'ரெடி' என்று ஸ்டூடியோக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அருளின் பொத்தான் தெறித்தது. படத்தில் அவன் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொன்று எடுக்கிறேன் என்றவரை அம்மா விடவில்லை.

அந்தப் படத்தைத் துபாயில் அப்பாவோடு எட்டுப் பேர் தங்கிய அறையில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்களாம். "என்னண்ணே, தொவைச்சதுல துணி சுருங்கிடுச்சா?" என்று ஒரு பேராவூரணிக்காரர் கேட்க, அறையே சிரித்திருக்கிறது. அப்பாவும் சிரித்தாராம். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். இதைச் சொன்னது அதிராம்பட்டினத்து மாமா. அப்பா கையெழுத்துப் போடவில்லை. சம்பா அறுவடைக்கு முன்பே வந்து சேர்ந்தார். வாசலில் நின்றவரை அருள் விருந்தாளியைப் போல, "வாங்க, உக்காருங்க" என்றான்.

அதன் பிறகு துணிக்கடையில் அப்பா யார் பேச்சையும் நம்பவில்லை. எதை எடுத்தாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் எடுப்பார். பாவாடையை மடித்து மடித்துத் தைத்தே அம்மாவுக்குக் கண் போயிற்று. எனக்கு முப்பத்தெட்டு வயதில் அவர் எடுத்துக் கொடுத்த சுடிதாரில் இன்னொரு ஆளும் நுழையலாம். "அப்பா, நான் இனிமே வளர மாட்டேன்ப்பா" என்றேன். "இருக்கட்டும்மா, யாரு கண்டா" என்றார்.

அந்த ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை. துபாயில் இருக்கும் தகப்பன் மகளுக்குப் பல் விழுந்ததை அன்று காலையிலேயே வீடியோவில் பார்த்துவிடுகிறார். நல்லதுதான், எந்தப் பிள்ளைக்கும் ஜிப் பாதியில் நிற்பதில்லை.

நேற்று இளம் பச்சையில் ஒரு சுடிதார் எடுக்கப் போனேன். கடைப்பெண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டே அளவைச் சொன்னாள். போட்டுப் பார்த்தேன். தோள், கை, நீளம் எல்லாம் சரியாக இருந்தது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, எனக்குப் பெரிதாகத் துணி எடுத்துத் தர இப்போது ஆள் இல்லை.