சட்டை தொங்கிய போர்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சந்தில் சிவக்குமாரின் பிளக்ஸ் கடை. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ருமானாவின் முதுகைத்தான். பத்தொன்பது வயதில் விசிட்டிங் கார்டு டைப் அடிக்க வந்தவள், இப்போது நாற்பத்துமூன்று. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுப்பட்டு ஊர்களின் நல்லது கெட்டதெல்லாம் அவளுடைய வலது மணிக்கட்டு வழியாகப் போயிருக்கிறது. அந்த மணிக்கட்டில் ஒரு வருஷமாக வலிக்குப் பட்டி கட்டியிருக்கிறாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்காருகிற எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். "அக்கா, இதக் கொஞ்சம் பெருசாப் போடுங்க." தாய்மாமன் பெயரைப் பெரிதாக்கினால் சித்தப்பா பெயர் சிறுத்துப் போகும். சித்தப்பாவைத் தூக்கிவிட்டால் பெரியப்பா கோபித்துக்கொள்வார். எல்லாரையும் பெரிதாக்கி முடிக்கும்போது போர்டில் ஒருத்தரும் பெரியவராக இருக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் ருமானா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டால்தான் எழுத்து கண்ணில் படும் என்பாள். எழுத்துக்கு மூன்று கலரில் கரை கட்டி, நிழலும் கொடுத்தால் தூரத்தில் எல்லாம் ஒரே கூழாகத் தெரியும் என்பாள். "இடத்த ஏன்க்கா சும்மா போட்டு வச்சிருக்கீங்க, அங்கிட்டு ஒரு சிங்கத்தப் போடுங்க" என்றார்கள். சொல்வதை நிறுத்திப் பத்து வருஷம் இருக்கும். கேட்டதைப் போட்டுக்கொடுத்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் வீடு போய்ச் சேரலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெயபாண்டி வந்தான். கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே இளைஞர் மன்றத் தலைவர். கூடவே ஒரு பெண். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க ஊரு குவாரிப் பள்ளத்துக்கு ஒரு எச்சரிக்கை போர்டு இங்கதேன் அடிச்சோம்க்கா. அது கிழிஞ்சு போச்சு. அதேதேன், பேரு மட்டும் கொஞ்சம் மாத்தணும். நடுவுல இந்தப் பையன் படம்." போனை நீட்டினான். பதினைந்து வயது இருக்கும். மஞ்சள் சட்டை, வாயெல்லாம் பல். "பேரு சோணை. போன மாசம் அந்தப் பள்ளத்துலதேன்... இவங்க செல்லத்தாய் சித்தி. அவன் அம்மா."

ருமானா திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு கணினியில் பழைய கோப்பைத் தேடினாள். அவள் கைவேலைதான். எட்டுக்கு ஆறு அடி போர்டு. மேலே தலைவர் ஜெயபாண்டி, தங்க நிறத்தில். பதினோரு படங்கள், இருபத்துமூன்று பெயர்கள். அடியில், ஊதாப் பட்டையில் சிவப்பு எழுத்தில், ஒரே வரியாக: 'இப்பள்ளத்தில் ஆழம் அதிகமாக இருப்பதால் பொதுமக்கள் குளிப்பதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' ஊதாவில் சிவப்பு எடுபடாது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போட்டாள்.

"போர்டு இருந்துச்சு தாயி," என்றாள் செல்லத்தாய். "அதுலதேன் சட்டையத் தொங்கப் போட்டுட்டு இறங்கியிருக்கான். சட்டைய வச்சுத்தேன் இடத்தக் கண்டுபிடிச்சாங்க."

பக்கத்து அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ருமானா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"தம்பி, ஒரு நிமிசம் இருங்க," என்று எழுந்தாள். மிச்சமான பிளக்ஸ் துண்டு ஒன்றில் பழைய போர்டைச் சிறிதாக அடித்து, சந்தின் எதிர்ப்பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஷட்டரில் ஒட்டினாள். "அக்கா, நீங்க வாசிப்பீங்களா?" என்று செல்லத்தாயிடம் கேட்டாள்.

"எழுத்துக் கூட்டித்தேன் படிப்பேன்."

"பரவாயில்ல. அங்க நின்னபடியே வாசிங்க."

செல்லத்தாய் கண்ணை இடுக்கினாள். "ஜெ... ய... பாண்... டி."

ஜெயபாண்டி சிரித்தான். "சித்தி கரெக்டா வாசிச்சிருச்சே!"

"அதுக்குக் கீழ?"

"கீழ என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தாயி."

ஜெயபாண்டியின் சிரிப்பு நின்றது.

ருமானா உள்ளே வந்து புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். மொத்தமும் மஞ்சள். கறுப்பில், கரையும் நிழலும் இல்லாத தடித்த எழுத்து. வரிக்கு ஒரு சொல்லாக இரண்டே வரி. சுற்றிலும் தாராளமாக இடம்.

"என்னக்கா இது, டாக்ஸி நம்பர் பிளேட்டு மாதிரி?"

"டாக்ஸி நம்பர எம்புட்டு தூரத்துல இருந்து வாசிக்கிறீங்க?"

அதையும் அடித்து ஷட்டரில் ஒட்டினாள். அவள் சந்தைத் தாண்டித் திரும்புவதற்குள் செல்லத்தாயின் குரல் வந்தது. இந்த முறை கூட்டவில்லை.

"ஆழம். இறங்காதே."

"சோணையும் கூட்டிப் படிக்கிறவன்தேன்," என்றாள். "இத வாசிச்சிருப்பான்."

அது தன்னைக் குறை சொன்னதா என்று ருமானாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

"அக்கா, எனக்குப் புரியுது," என்று ஜெயபாண்டி குரலைத் தாழ்த்தினான். "ஆனா பேரு இல்லாம போர்டு போச்சுன்னா இருவத்திமூணு பேரும் என்னைய ஊருக்குள்ள விட மாட்டாய்ங்க. திறப்பு விழாவுக்கு மைக் செட்டெல்லாம் சொல்லியாச்சு."

இது அவளுக்குப் புதிதில்லை. வழக்கமாக இந்த இடத்தில் சரி என்று சொல்லிவிடுவாள். "போர்டு எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?" என்று கேட்டாள்.

"தார் ரோட்டப் பாத்து."

"பயலுக எந்தப் பக்கமா வருவாங்க?"

"அவய்ங்க எங்க ரோட்டு வழியா வர்றாய்ங்க? காட்டு வழியா பாறையில ஏறி..." பாதியில் நிறுத்தினான்.

"அப்ப அவங்க பாக்குறது போர்டோட முதுக. முதுகுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வெள்ளை."

ருமானா நாற்காலியில் சாய்ந்தாள். எழுத்து, நிறம், அளவு என்று இருபத்துநாலு வருஷம் பார்த்தவள், வாசிக்கிறவன் எங்கே நிற்பான் என்று ஒரு போர்டுக்கும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் போனால் இன்றைக்கு வேலை ஓடாது.

"ரெண்டு பக்கமும் அடிச்சிருவோம். முன்பக்கம் மேல்பாதி எச்சரிக்கை. கீழ்ப்பாதி உங்க பேருக. எல்லாம் ஒரே சைஸ்."

"தலைவரு மட்டும் ஒரு சுத்து பெருசா..."

"சரி, ஒரு சுத்து. பின்பக்கம் இந்த ரெண்டு சொல்லு மட்டும். ஒரு புள்ளி கூடச் சேர்க்க மாட்டேன்."

"பின்பக்கத்த யாருக்கா கேக்கப் போறா? அடிங்க."

"பையன் படம்?" என்று ருமானா கேட்டாள்.

செல்லத்தாய் அப்போதுதான் உள்ளே வந்தாள். "படம் வேணாம் தாயி. சிரிச்சுக்கிட்டு நிக்கான். வாங்கடா குளிக்கன்னு கூப்புடுற மாதிரி இருக்கு."

சிவக்குமார் வந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாதி வேலையில விட்டுட்டியா?" என்றார். "முடிஞ்சிருச்சுண்ணே," என்று அச்சுக்கு அனுப்பினாள். அன்றைக்கு அஸர் தவறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டி வாட்ஸ்அப்பில் பதினாறு படங்கள் அனுப்பினான். ரிப்பன், மாலை, மைக், போர்டின் முன்பக்கம். பின்பக்கத்தை ஒருவரும் எடுத்திருக்கவில்லை. 'பின்னாடி ஒரு போட்டோ வேணும் தம்பி' என்று எழுதினாள். நாலு நாள் பதில் இல்லை. வியாழக்கிழமை மதியம், தெரியாத நம்பரிலிருந்து ஒரே ஒரு படம் வந்தது. கூடச் செய்தி ஒன்றும் இல்லை. பாறை மேட்டிலிருந்து எடுத்தது, கொஞ்சம் ஆடியிருந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு காற்றில் வந்து விழுந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் எதிரில் இருக்கும் முகமே மங்கலாகத்தான் தெரியும். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள். அதில் இரண்டு சொல்லும் தெரிந்தன.

மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். எழுத்தைப் பார்க்க அல்ல. இரும்புச் சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு மூலையில் என்னவோ தொங்குவது போலிருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். சட்டை இல்லை, திறப்பு விழா மாலையின் நார்.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது.

"அக்கா, பூப்புனித நீராட்டு விழா. மாமன் பேரு மட்டும் நல்லாப் பெருசா..."

"எங்க கட்டப் போறீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.