ஹரிஹரன் ஏற்றுக்கொண்ட பிழை

கலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் வந்தது. ஹரிஹரனின் மனைவி லலிதா பேசினார். "அவர் போயிட்டார். நீங்க உடனே வரணும்." மட்டாஞ்சேரி போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டுக்கு யாரெல்லாம் வருவார்களோ என்ற பயம்தான் வந்தது.

வழக்கறிஞர் ஹரிஹரனை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும். அண்டை நாடுகளின் கடல் எல்லைச் சட்டத்தை அவரளவு படித்தவர் இந்த ஊரில் இல்லை. களமசேரியில் ஒரு கருத்தரங்கு. இரு கரைகளுக்கும் சமதூரத்தில் கோடு போட்டால் தகராறு தீர்ந்தது என்று ஒருவர் பேசி முடித்தார். இவர் எழுந்து, "கோட்டைப் போட்டாச்சு, சரி. வலை போட்டுண்டு இருக்கறவனுக்கு அதை யார் காட்டிக் குடுப்பா?" என்று கேட்டார். மதியச் சாப்பாட்டில் எங்களோடு ஒருவரும் உட்காரவில்லை.

பதினாறு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். படகு பிடிபட்ட வழக்கு எது வந்தாலும், கடல் வரைபடத்தில் படகு நின்ற இடத்தைத் தன் கையால் புள்ளி வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். "காகிதத்தை நம்பாதேயும் ஓய், புள்ளியை வச்சுப் பாரும்" என்பார். ஒரே ஒரு முறை வைக்கவில்லை. டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீர் பாத்தாச்சோல்லியோ? போரும்" என்று கையெழுத்திட்டார்.

அது சூசையின் வழக்கு. குமரிக் கரைக்காரர், எங்கள் துறைமுகத்திலிருந்து போன படகில் இருந்தவர். மன்னார் வளைகுடாவில் அண்டை நாட்டுக் காவல் படகு பிடித்துப் போனது. படகின் ஜிபிஎஸ் கருவியில் தீர்க்கரேகை, நிமிடத்துக்குப் பின் புள்ளி ஐம்பது என்று இருந்தது. அதாவது அரை நிமிடம், முப்பது விநாடி. மனுவில் நான் ஐம்பது விநாடி என்று எழுதிவிட்டேன். காகிதத்தில் படகு அறுநூறு மீட்டர் கிழக்கே நகர்ந்து எல்லைக்கு அப்பால் போய்விட்டது. எங்கள் ஆள் எல்லை தாண்டினார் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். அங்குள்ள நீதிமன்றம் அதையே பிடித்துக்கொண்டது. திருத்தி எழுதி மீட்பதற்குள் சூசை நான்கு மாதம் கூடுதலாகச் சிறையில் கிடந்தார். அவருடைய அம்மா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது.

திரும்பி வந்தவர் நேரே அலுவலகத்துக்கு வந்தார். "இப்படி எழுதினது யாரு சார்?"

நான் மேசைமேல் இருந்த கோப்பைப் புரட்டினேன். ஹரிஹரன், "நான்தான். கையெழுத்து என்னோடதாக்கும்" என்றார். அதன்பின் என்னிடம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சாவு வீட்டுக்கு சூசை வந்திருந்தார். தலைமாட்டில் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "ஹரிஹரன் சார் மேல ரொம்பக் கோவம் இருந்துச்சு. இன்னைக்கு மன்னிச்சிட்டேன்." நான் தலையாட்டினேன். ஆமாம், நண்பர்களே, வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

ஹரிஹரனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், அவர் சுமந்த என் பிழை. இந்த அஞ்சலிக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும்முன் சூசைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அஞ்சு வருஷமா அவருக்கு நான் ஒரு வணக்கம்கூடச் சொல்லலியே, சார்" என்றார்.