கடல் தாண்டிப் போன நோட்டீஸ்

“ஜன்னல் வழியா என்ன தெரியுது, சொல்லுங்க.”

“கம்பி இல்ல. நல்லது. அவசரத்துக்கு எகிறிக் குதிச்சிடலாம்.”

“ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியுதுன்னு கேட்டேன்.”

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மடிக்கணினியை முகத்தருகே இழுக்கிறார். “தண்ணி. பக்கத்துலயே தண்ணி இருக்கு. அதுவும் நல்லதுதான்.”

அந்தத் தண்ணீருக்கு அட்லாண்டிக் பெருங்கடல் என்று பெயர். படத்தில் இருப்பது போர்ச்சுகலில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே சுவரெங்கும் நீல ஓடு பதித்த பழைய வீடு ஒன்றின் மாடி அறை. படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர். பத்து நாள் விடுப்பு வாங்கிவிட்டு, பெட்டியையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.

தீ பாதுகாப்புத் துறையில் ஆய்வாளருக்கு இது இருபத்தாறாவது வருஷம். சினிமாவுக்குப் போனால் வெளியேறும் கதவுக்கு அருகே உள்ள இருக்கைதான் வேண்டும். கதாநாயகன் யார், வில்லன் யார் என்பதை வீட்டுக்கு வந்தபின் மனைவி சொல்லித் தெரிந்துகொள்வார். ஓட்டலில், “கை கழுவிட்டு வரேன்” என்று எழுந்து போவார். சமையலறையின் பின்கதவுவரை சென்று, தள்ளிப் பார்த்து, தலையில் ஒட்டடையோடு திரும்புவார். கையை மட்டும் கழுவியிருக்க மாட்டார். வீட்டுக் கூரையில் அவர் மாட்டிய கருவி, வாணலியில் எண்ணெய் காய்ந்தாலே அலறும். “எங்க வீட்டுல ரெண்டு அலாரம்” என்று யாரைப் பார்த்தாலும் அவரே சொல்லிக்கொள்வார். “ஒண்ணு கூரையில இருக்கு. இன்னொண்ணு சட்டை போட்டுக்கிட்டு அலையுது.”

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தீப்பிடித்த ஒரு தங்கும் விடுதி. “பின்கதவு பூட்டியிருந்துச்சு. சாவி ஆணியில பத்திரமா தொங்கிட்டிருந்துச்சு.” அதற்கு மேல் சொல்ல மாட்டார். உடனே தன்னைத்தானே கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

போர்ச்சுகலில் பதினோரு வீடுகளைப் படத்திலேயே பார்த்து நிராகரித்தார். ஒன்றில் இரண்டாவது கதவை அலமாரி மறைத்திருந்தது. ஒன்றில் திரைச்சீலை அடுப்பை உரசியது. இன்னொன்றில் மரப்படி. “மரம்! மாடியேறப் போறோமா, விறகுமேல ஏறப் போறோமா?” என்றார். பதினோராவதோடு மனைவியின் பொறுமை தீர்ந்தது. நீல ஓட்டு வீட்டைத் தன் பெயரிலேயே பதிவு செய்தார்.

“கல்யாணமான நாள்லேர்ந்து எங்க போனாலும் என்னைக் கதவோரமாவே உட்கார வச்சீங்க. பத்து நாள் ஜன்னலோரமா உட்காரணும். நான் கேக்கறது அவ்வளவுதான்.”

“உட்காரு, உட்காரு. யாரு வேணாம்னது?” என்றார் ஆய்வாளர். அன்றைக்கு அதை மனசாரத்தான் சொன்னார்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் கை பரபரத்தது. அந்த நீல ஓட்டு வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டால் என்ன? ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே விதமான கடிதம்தான் எழுதியிருக்கிறார். அதன் படிவம் கணினியில் தயாராக இருந்தது. ‘தங்கள் கட்டடத்தில் கீழ்க்கண்ட குறைபாடுகள் காணப்படுகின்றன’ என்று தொடங்கி, எட்டுப் புகைப்படங்களிலிருந்து பதினான்கு குறைகளைத் திரட்டி, ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்கினார். ஏழு நாளுக்குள் விளக்கம் தேவை என்ற வரி படிவத்திலேயே இருந்தது. பதவிப் பெயரும் துறை முத்திரையும் அடியில் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. படித்துப் பார்த்தார், தெளிவாக இருப்பதாகத் திருப்தி. அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பதிவு தன் பெயரில் இருந்ததால் அது மனைவிக்குத்தான் வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தார். “இது என் அப்பா கட்டிய வீடு. மாடிக்கு ஒரே படிதான். வயதான காலத்தில் எந்த அரசாங்கத்தோடும் எனக்கு வம்பு வேண்டாம். உங்கள் பதிவை ரத்து செய்துவிட்டேன். அறையை இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.”

ஆய்வாளர் தட்டைப் பார்த்தார்.

“பதினாலு குறை கண்டுபிடிச்சிருக்கீங்க. கடலை மட்டும் எப்படி விட்டீங்க? ஈரமா இருக்குன்னு எழுதியிருக்கலாமே.”

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மனைவி எழுந்துபோய்ப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினார். உதவிக்குப் போன கையைப் பார்த்து, “வேணாம். ஏணி ஆடுது, அதை வேற எழுதி அனுப்பிடுவீங்க” என்றார்.

மறுநாள் துறை ஜீப்பில் போகும்போது ஓட்டுநரிடம் தன் பெருமையைத் தானே பாடினார். “வாசப்படிகூட மிதிக்காம ஒரு வீட்டை இழுத்து மூடின ஆய்வாளர் உலகத்துலயே நான் ஒருத்தன்தாம்ப்பா.”

ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “இங்க அந்த மார்க்கெட் கட்டடத்துக்கு ஆறு வருஷமா நோட்டீஸ் குடுக்கறோம். நேத்துகூட அங்க போய்ச் சட்டை வாங்கிட்டு வந்தேன் சார். கடல் தாண்டி ஒரே மெயில்ல மூடிட்டீங்களே!”

“சிரிக்காதப்பா. எப்படியாவது திறக்க வைக்கணும். அவ பேசவே மாட்டேங்கறா.”

ஜீப்பை நிழலில் நிறுத்திவிட்டு, கைபேசியில் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். முதல் வரி, ‘பார்வையில் காணும் தங்கள் கடிதம் தொடர்பாக’ என்று வந்தது. அழித்தார். இரண்டாவது, ‘மேற்படி குறைபாடுகள் நிபந்தனையுடன் தளர்த்தப்படுகின்றன’ என்று வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “சார், தப்பு பண்ணவன் எழுதற மாதிரி எழுதுங்க. தப்பைக் கண்டுபிடிச்சவன் மாதிரியே எழுதறீங்களே!”

ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தேறியது இவ்வளவுதான்: ‘அம்மா, எனக்கு உங்கள் நாட்டில் எந்த அதிகாரமும் கிடையாது. என் வீட்டிலும் கிடையாது. எங்கே போனாலும் தப்பித்து ஓடும் வழியை முதலில் தேடுகிற வியாதி எனக்கு. என் மனைவி அதைச் சகித்துக்கொண்டே இத்தனை வருஷமாக என்கூட வருகிறார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது உங்கள் ஜன்னல் ஒன்றைத்தான். நான் வரவில்லை. அவருக்கு மட்டுமாவது கொடுங்கள்.’ கீழே பதவிப் பெயர் மறுபடி ஒட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து மனைவிதான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“‘வீட்டிலும் அதிகாரம் கிடையாது’ன்னு ஐரோப்பா வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கீங்க?”

“உண்மையத்தானே எழுதினேன்.”

“அந்தம்மா சிரிச்சாங்களாம். ரெண்டு பேரும் வரணுமாம். இதக் கேளுங்க: ‘தெருக்கதவைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் பூட்டு என் அப்பா காலத்திலேயே துருப்பிடித்துவிட்டது. ராத்திரியும் பூட்டுவதில்லை.’ ஏங்க, திருடன் வந்தா என்ன பண்றது?”

“வரட்டுமே! நாம வெளிய போகலாம்ல?” ஆய்வாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை இரண்டு பேரின் பெயரையும் போட்டுப் புதிதாகப் பதிவு செய்தார். வரும் நாள், போகும் நாள் எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி. வீட்டு உரிமையாளருக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அது கேட்டது. ஐந்நூறு எழுத்துவரை எழுதலாமாம்.

மனைவி மடிக்கணினியை மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் கோடு ஒன்று மின்னி மின்னி அழைத்தது. ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். விரல்கள் விசைப்பலகைவரை போயின. பிறகு இரண்டு கைகளையும் இழுத்துத் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டு, அனுப்பும் பொத்தானை மனைவிக்குத் தாடையால் காட்டினார்.