துரை பெயர் கொண்ட கல்லீ

புதிதாகக் கண்டுபிடித்த பூச்சிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நாகரிகமில்லை. விதி தடுக்கவில்லை, ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு சங்கடத்தால் எங்கள் வெள்ளைக்காரத் துரை தூக்கமில்லாமல் தவித்தார்.

ஐம்பதுகளின் கடைசி. சிங்கப்பூர் தன்னாட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துரையின் பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பட்டம் வாங்கியவள் என்பதால் துரை எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்திருந்தார். சம்பளத்தில் அந்தப் பெருந்தன்மை தெரியவில்லை. நான் அளப்பேன், வரைவேன், எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். இரண்டு புதிய பூச்சி இனங்கள் அப்படித்தான் அவர் எழுதிய கட்டுரைகளாக அச்சேறின. கட்டுரையின் கடைசியில் "உதவிய பெண்ணுக்கு" நன்றி சொல்லியிருந்தார். எந்தப் பெண் என்று சொல்லத்தான் இடம் போதவில்லை போலிருக்கிறது.

மூன்றாவதாக வந்தது கல்லீ. ஓடைக் கற்களுக்கடியில் வளர்ந்து, சிறகு முளைக்கும் பருவத்தில் கரையேறும் பூச்சி. மலாயா மலையோடை ஒன்றில் யாரோ பிடித்துச் சாராயக் குப்பியில் போட்டு, அலமாரியில் மறந்துவிட்டிருந்தார்கள். இதில் இனம் பிரிக்க ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனவிருத்தி உறுப்பைத்தான் பார்க்க வேண்டும். அதைக் காரநீரில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, மிஞ்சிய கெட்டித் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொக்கி கொக்கியாக வரைந்தேன். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் முன்னால் நின்று, அப்படி என்னதான் வேலை என்று அம்மா கேட்டபோது, "பூச்சிக்குப் படம் போடுறேம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கொக்கிகள் வேறெந்த இனத்திலும் இல்லை. புதியதுதான் என்று நான் சொன்னதும் துரை அறைக் கதவைச் சாத்தினார். கப்பலேறுவதற்குள் இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தன் பெயர் நிலைத்துவிட வேண்டுமாம். தெருவுக்கு அவர் பெயரை வைக்க யாரும் முன்வரவில்லை. "கட்டுரையை உன் பெயரிலேயே எழுது. பூச்சிக்கு மட்டும் என் பெயரை வை" என்றார், பிச்சை போடுகிற முகத்தோடு.

என் பெயரில் ஒரு கட்டுரை வருமென்றால் பூச்சிக்கு எவர் பெயரை வைத்தால்தான் என்ன?

எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலை அகலம். வாயுறுப்புகள் மெலிந்தவை, கடிக்க உதவாதவை. நிறம் சாராயத்தில் ஊறி வெளிறியது. உயிரோடிருந்தபோது என்ன நிறம் என்று தெரியவில்லை. துரை படித்துவிட்டு, மிகத் துல்லியம் என்று தலையாட்டினார்.

அவர் கப்பலேறும் வாரத்தில் இதழ் வந்துசேர்ந்தது. கடைசிப் பக்கத்து இன அட்டவணையில் பூச்சியின் பெயராக அவர் பெயர் இருந்தது. அதை ஒட்டி, பின்னாலேயே என் பெயர். ஓர் இனத்தை முதலில் விவரித்தவரின் பெயரை இனப்பெயருக்குப் பின்னால் போடுவது எங்கள் தொழில் முறை. என் உழைப்பில் இரண்டு தடவை அவரே அனுபவித்த முறைதான். ஆசையில் மறந்துபோயிருந்தார்.

"இதை எடுக்க முடியாதா?" என்று என் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"முறை அப்படி, சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது.

"கண்ட ஆம்பள பேருக்குப் பின்னாடியா உன் பேரு நிக்குது? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"இனிமே எந்தப் புத்தகத்துக்குப் போனாலும் அவரு என்னைய விட்டுட்டுப் போக முடியாதும்மா."

அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.