கையால் அளவு காட்டும் ஆண்களுக்கு

உள்ளாடை வாங்கப் போன ஆணிடம் கடைக்காரப் பெண் அளவு கேட்டால் அவன் என்ன செய்வான் தெரியுமா? இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் தேங்காய் பிடிப்பது போலப் பிடித்துக் காட்டுவான். ஈப்போ பேரங்காடி ஒன்றில், பட்டப்பகலில், என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தக் கைகள் என் அண்ணனுடையவை.

அவன் என்னைக் கூட்டிப் போனது யோசனை கேட்பதற்காக அல்ல. "நீ சும்மா பக்கத்துல நில்லு, போதும். தனியா போனா மாலுவா இருக்கு லா" என்றான். அவனுக்கு வெட்கமாம். அந்த வெட்கத்தை மறைக்கும் திரைச்சீலை நான். அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தோம். பெண் தெற்கே சுங்காய் ஊர்க்காரி. பரிசம் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளிடம் ரகசியமாக "ஸ்பெஷலா" ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று அண்ணனின் கூட்டாளி அவன் மண்டையில் ஏற்றி வைத்திருந்தான். அண்ணனோடு சிம்பாங் பூலாய் கல் ஆலையில் வேலை செய்கிறவன். கடைக்கும் கூடவே வந்திருந்தான்.

"சைஸ் பெராப்பா, பாங்?" என்று கடைக்காரப் பெண் மலாயில் அளவு கேட்டாள். அண்ணன் தேங்காயைக் காட்டினான். அவள் பார்வையை என் பக்கம் திருப்பினாள். நான் தரையைப் பார்த்தேன்.

"மச்சான், கை தப்பு லா. இன்னும் கொஞ்சம் விரி" என்றான் கூட்டாளி. பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "இங்கயே ஆள் நிக்குதே. உன் தங்கச்சிக்கு எது சரியா இருக்குமோ, அதுக்கு ஒரு சைஸ் கூட எடு. முடிஞ்சது கதை."

கைப்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "வாயக் கழுவிட்டுப் பேசுங்க, அண்ணே."

"அலாமக், ஜோக் லா தங்கச்சி. இதுக்கெல்லாம் போய் கோவிச்சுக்கற."

நான் அண்ணனிடம் திரும்பினேன். "அண்ணிக்கு ஒரு மெசேஜ் போடு. என்ன சைஸ், என்ன துணி பிடிக்கும்னு கேளு. அவ்ளோதான்."

"கேட்டா சர்ப்ரைஸ் போயிரும்."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வெளியே வந்து எஸ்கலேட்டர் பக்கத்தில் நின்றேன். சிரித்துக்கொண்டே வந்தார்கள். கையில் தங்க நிறப் பெட்டி, மேலே ரிப்பன். உள்ளே சிவப்பு வலை. கொசுவலையைச் சாயத்தில் முக்கி, கிடைத்த இடத்திலெல்லாம் கொக்கி மாட்டியது மாதிரி இருந்தது. ஈப்போ வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கடைவீதி வரை நடந்தால் தோலெல்லாம் தடித்துப் போகும். அவன் அவளுக்காக அதை வாங்கவில்லை. தனக்காக வாங்கினான். அதை மாட்டி வைக்கிற ஹெங்கர் அவள்.

ஆண்களே, இப்போதே சொல்லிவிடுகிறேன். அளவு தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் வாங்காதீர்கள். நல்ல பருத்தியில், தைத்த இடம் உறுத்தாமல், அவள் ஏற்கெனவே விரும்பிப் போடுகிற மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் எந்தப் பெண்ணும் உங்களைக் கஞ்சன் என்று சொல்லப்போவதில்லை. தயவுசெய்து கடைக்குக் கூட்டாளியைக் கூட்டிப் போகாதீர்கள்.

அதே வாரம் அண்ணி எனக்கு மெசேஜ் அனுப்பினாள். இன்னும் அண்ணியாகவில்லை என்றாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "உங்க அண்ணனுக்கு நல்லா உக்காருற சட்டை ஒன்னு எடுத்துட்டு வா மா. பழசா இருந்தாலும் பரவால்ல." ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மேசையைத் தானே துடைத்தாள். சட்டையை விரித்துச் சுருக்கம் நீவினாள். கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், காலர், கை நீளம் என்று அளந்தாள்.

"வேலையில ரொம்ப குனிவாரா?"

"நாள் பூரா குனிஞ்சுதான் நிப்பான்."

"அப்ப முதுகு கொஞ்சம் லூசா இருக்கணும். பட்டனு இழுக்கக் கூடாது. தோள் தையல் எலும்பு மேல நிக்கணும், கைப்பக்கம் எறங்குச்சுன்னா அப்பாவோட சட்டைய போட்ட மாதிரி இருக்கும்." பக்கத்தில் கிடந்த தன் துப்பட்டாவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "இப்படி வெரல் தெரியுற துணி வேணாம். வேர்த்தா ஒட்டிக்கும்."

ஒரு சாதாரண வெள்ளைச் சட்டைக்கு அவள் இவ்வளவு யோசித்தாள். என் அண்ணன் கைபேசி நிறைய அவளுடைய படங்களை வைத்துக்கொண்டு கடையில் தேங்காய் காட்டினான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவள் நான். அருவருப்பு எப்படி வராமல் இருக்கும்?

பரிசத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டு தூக்கிப் போவார்கள். பழம், வெற்றிலை, சேலை, செருப்பு, சீப்பு வரைக்கும். தட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இப்போது மலாய்க் கல்யாணங்களைப் பார்த்து நம்மவர்களும் தட்டை அலங்கரிக்கத் தொடங்கிவிட்டார்கள். துவாலையை அன்னமாக மடிப்பது, சேலையை மயிலாக விரிப்பது என்று. அண்ணனின் கூட்டாளிக்கு இந்த வேலை நன்றாக வரும். அதை நான் மறுக்கவில்லை.

எங்களுடையது ஒன்பது தட்டு. காலையில் பார்த்தால் வெயில்பட்ட காருக்குள் கேக் தட்டு சரிந்து கூழாகிக் கிடந்தது. நான் அம்மாவோடு முதல் காரில் கிளம்பியிருந்தேன். வீட்டில் நடந்தது பிறகுதான் தெரிய வந்தது. "எட்டா? எட்டோட போயி நின்னா பொண்ணு வீட்ல காறித் துப்புவாங்க!" என்று அத்தை குதித்திருக்கிறாள். கட்டிலில் கிடந்த தங்கப் பெட்டி அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"அது என்னா?"

"பொண்ணுக்குத் துணி, அத்தை" என்றிருக்கிறான் கூட்டாளி.

"துணிதானே? வை தட்டுல. சீக்கிரம்."

அத்தை திறந்து பார்க்கவில்லை. கூட்டாளி திறந்தான். சிவப்பு வலையைச் சுருட்டி, இதழ் இதழாக மடித்து, ஒரு பெரிய ரோஜா செய்து சுற்றிலும் பச்சை இலை செருகினான். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். சிரித்தான். சுங்காய் வரைக்கும் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

பெண் வீட்டார் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் காத்திருந்தார்கள். ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. கோயிலும் மண்டபமும் அங்கேயே இருக்கின்றன. தட்டுகளைச் சாமி முன்னால் பரப்பினோம். இனி மாப்பிள்ளை வீட்டுச் சேலையைப் பெண் உள்ளே கொண்டுபோய்க் கட்டி வர வேண்டும். கட்டி வந்தால் சம்மதம். அதன் பிறகுதான் மோதிரம், தட்டு மாற்று எல்லாம்.

அதற்கு முன்னால் பெண் வீட்டுப் பெண்கள் தட்டுகளைச் சுற்றிப் பார்ப்பார்கள். அண்ணியின் பெரியம்மா ரோஜாத் தட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"அடியே, இங்க வந்து பாருங்க, எவ்ளோ அழகா செஞ்சிருக்காங்க. பட்டா இது?"

ஒரு இதழைப் பிடித்து இழுத்தார். ரோஜா முழுவதும் அவிழ்ந்து கையோடு வந்தது. வார் தொங்கியது, கொக்கி தொங்கியது. அது என்னவென்று புரிவதற்குள் அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டிருந்தார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில். "ஓய் மாப்ள, அவசரமா?" என்று ஒரு குரல். சிரிப்பு. கூட்டாளி கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணியின் அப்பா மூலையிலிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். என் அண்ணன் முகத்தில் ஒரு இளிப்பு. அந்த இளிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அண்ணி எழுந்து பக்கத்து அறைக்குள் போனாள். சேலையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். அந்தச் சிவப்பு அவள் கையில் இருந்தது. பெரியம்மாவிடமிருந்து பிடுங்கி வந்திருக்கிறாள்.

"இத வாங்கறப்ப நீ கூட இருந்தியா?"

"கடை வரைக்கும் போனேன், அண்ணி. உங்ககிட்ட கேக்கச் சொன்னேன். கேட்டா சர்ப்ரைஸ் போயிரும்னான்."

அவள் லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குள்ள ரெண்டு பேரு போலாம்" என்றாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து அத்தை கதவைத் தட்டினாள். "சேலைய சுத்திக்கிட்டு வா மா. ராகு காலம் வருது."

அண்ணி கதவைத் திறந்தாள். காலையில் கட்டியிருந்த அதே பச்சைச் சேலையோடு மண்டபத்துக்குள் நடந்தாள். எங்கள் சேலை அறை நாற்காலியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவள் சிவப்பு வலையைக் காலித் தட்டில் போட்டு அண்ணன் முன்னால் வைத்தாள்.

"மடிங்க."

"என்னா?"

"ரோஜா மாதிரி மடிச்சுத்தானே கொண்டு வந்தீங்க? மடிங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டாளி குறுக்கே வந்தான். "தங்கச்சி, அது நான் செஞ்சது—"

"தெரியும் அண்ணே. எனக்குன்னு வாங்குனதுல உங்க கை பட்டிருக்குன்னு தெரியும். அதனாலதான் அவர மடிக்கச் சொல்றேன். நீங்க ஃபோன உள்ள வைங்க."

கைபேசி உள்ளே போனது. அண்ணன் மடிக்க முயன்றான். ஒரு கொக்கி அவன் பட்டு ஜிப்பாவின் கைநுனியில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், நூல் பிரிந்தது. கடைசியில் உருட்டித் திரட்டிப் பெட்டிக்குள் திணித்தான். யாரும் விசிலடிக்கவில்லை.

"சேலைய நான் வேணாங்கல" என்றாள் அண்ணி. "இன்னிக்குக் கட்டல. அவரு தனியா வரட்டும். என்கிட்ட கேக்க வேண்டியத என்கிட்ட கேக்கட்டும். அப்பறம் சொல்றேன்."

அவள் அப்பா கைகூப்பி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் ஆட்கள் சாப்பிட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் அசிங்கம். விசிலடித்தவன் பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். நான் இலைக்கு முன்னால் உட்காரவே இல்லை. காரடியில் அண்ணி என்னிடம் ஒரு பையைக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை. "தட்டுல வைக்க வச்சிருந்தேன். குடுத்துரு. சைஸ் சரியா இருக்கும்."

உள்ளாடையைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "பொண்ணுக்கு என்னா திமிரு பாத்தியா? சரி, வாங்குனது வீணாவா போகணும்? நீ போட்டுக்கயேன் மா."

கத்தரியை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினேன். கார் துடைக்கலாம் என்று பார்த்தால், அந்த வலை தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தோள் தையல் எலும்பின் மேல் நின்றது. பட்டன் எதுவும் இழுக்கவில்லை. அவனுக்கு அவ்வளவு சரியாகப் பொருந்திய சட்டையை நான் பார்த்ததே இல்லை. அவனும் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். முகம் செத்துப் போயிருந்தது. கைபேசி அடித்தது. "நானும் வாரேன் மச்சான்" என்று கூட்டாளியின் குரல் வெளியே கேட்டது. அண்ணன் "வேணாம் லா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

காரில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான்.

"எப்படிக் கேக்கறது? நீயாச்சும் சொல்லேன்."

"வாயால கேளு" என்றேன். "கை ரெண்டையும் பாக்கெட்ல போட்டுக்க."