என் காலுக்கு வாங்கிய கருவி

என் மனைவி கோமதியின் மூட்டு வலிக்கு எலிப்டிகல் நல்லது என்று மருத்துவர் சொன்னார். நின்றபடியே மிதிகளைத் தள்ளி நடக்கும் கருவி அது. தென்காசிக் கடைக்குத் தனியாகப் போய், ஆறடி உயரமுள்ள நானே ஏறிப் பார்த்து வாங்கி வந்தேன்.

இரண்டே நாளில், "இடுப்பு இழுக்குது, முடியல" என்றாள் கோமதி. "சோம்பேறிக்கு எது வாங்கினாலும் வீண்" என்று மகள் எதிரிலேயே சொன்னேன். அவளுக்குக் காட்டவென்று தினமும் நானே மிதித்தேன்.

சில மாதங்களில் கருவி கிறீச்சிட்டது. பழுது பார்க்க வந்தவர், யாருக்காக வாங்கியது என்று கேட்டார். கோமதியை ஏறச் சொல்லிக் கவனித்தார்.

"அண்ணாச்சி, இதுல மிதி போற தூரத்தை மாத்த முடியாது. உங்க காலுக்குச் சரி. அஞ்சடிகூட இல்லாதவங்க எட்டி எட்டி மிதிச்சா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

கோமதி இடுப்பைப் பிடித்தபடி கருவியிலிருந்து இறங்கினாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். நான்கு கருவிகளில் ஏறி நிதானமாக மிதித்துப் பார்த்து, மிதி குறைவாக நகரும் ஒன்றைக் காட்டி, "இதுதான்" என்றாள்.

அதில் அவள் தினமும் மிதித்தாள்; நானோ மிதிப்பதையே விட்டுவிட்டேன். அடுத்த வருடம் மகளுடன் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போனோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. உச்சியிலிருந்து கோமதியின் குரல் கேட்டது.

"சோம்பேறி மேல வந்துட்டேன். நீங்க ஏன் அங்கனயே நிக்கீங்க?"

படியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேலே போனதும் மகள் எதிரிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்ல தண்ணியக் குடிங்க" என்றாள்.

முடியவில்லை என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் எங்கே வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.